எபிரேய மறைநூலில் தனிமை: ஒரு விவிலியச் சிந்தனை



தவக்காலம் வந்தால் நம் பங்குகளில் தியானம் நடைபெறுகிறது. அக்காலப் பெரியவர்கள் இதனை ‘ஞான ஒடுக்கம்’ என்றார்கள். ஆரவாரத்தை விட்டு ஒதுங்கி, பேச்சைக் குறைத்து, சில நாள்கள் இறைவனோடு இருப்பது ஆன்மாவுக்கு நல்லது என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. அதே வேளையில், மகன் பிரான்சிலும் மகள் வளைகுடா நாட்டிலும் இருக்க, காரைக்காலில் ஒரு வீட்டில் ஒற்றையாய்க் காலம் தள்ளும் தாயையும் நாம் அறிவோம். இரண்டையும் ‘தனிமை’ என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். அதனாலேயே அந்தத் தாயைப் பார்க்கப் போகும்போது, “தனிமையும் கடவுள் தந்த வரம்தான் அம்மா, செபமாலை சொல்லுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அப்படிச் சொல்வது சரிதானா? எபிரேய மொழியில் எழுதப்பட்ட பழைய ஏற்பாட்டு நூல்கள் தனிமையைப் பற்றி என்ன கற்பிக்கின்றன? இக்கட்டுரையில் அதனைக் காண்போம்.

ஒரே வேர், பல பொருள்கள்

எபிரேய மறைநூலில் தனிமையைக் குறிக்கும் முக்கியமான சொல் ‘பாதாத்’. இதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் ‘லெவாத்’. பிரிந்திருத்தல், தனித்திருத்தல் என்பது இவற்றின் அடிப்படைப் பொருள். தொழுநோயாளர் பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ வேண்டும் என்ற சட்டத்தில் ‘பாதாத்’ வருகிறது (லேவி 13:46). அழிந்துபோன எருசலேம் தனித்துக் கிடக்கிறாள் என்று புலம்பும் இடத்திலும் அதே சொல் வருகிறது (புல 1:1). பிற இனத்தாரோடு கலவாமல் தனித்து வாழும் மக்கள் என்று பிலயாம் இஸ்ரயேலைப் பற்றிச் சொல்லும்போதும் அச்சொல்லே (எண் 23:9). இஸ்ரயேலைப் பாலைநிலத்தில் வழிநடத்தியவர் ஆண்டவர் ஒருவரே, வேறு எந்தத் தெய்வமும் அவரோடு இல்லை என்று மோசே பாடும்போதும் அதே ‘பாதாத்’ (இச 32:12).

நம் தமிழும் இதற்கு இணையானதே. ‘தனி’ என்ற சொல்லிலிருந்து ‘தன்னந்தனி’ என்ற ஏக்கமும் வருகிறது. ‘தனிப்பெரும்’ என்ற புகழ்ச்சியும் வருகிறது. ஆகவே தனிமை நல்லதா தீயதா என்பதை அச்சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. தனித்திருப்பவர் அங்கே எப்படி வந்தார், யார் அவரை அங்கே வைத்தார்கள், அதன்பின் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

முதல் குறை

படைப்பின் வரலாற்றில், ஒளியும் நிலமும் கடலும் உயிரினங்களும் நல்லவை என்று கடவுள் கண்டதாகத் தொடக்கநூல் மீண்டும் மீண்டும் சொல்கிறது. நன்று அல்ல என்று கடவுள் முதன்முதலில் சொல்வது மனிதன் தனித்திருப்பதைப் பற்றித்தான் (தொநூ 2:18). இங்கே வருவது ‘லெவாத்’. அப்போது பாவம் இன்னும் உலகில் நுழையவில்லை. மனிதன் கடவுளோடு நெருங்கி வாழ்ந்தான். தோட்டத்தில் உணவுக்கும் குறைவில்லை. ஆயினும் அவன் தனித்திருப்பதைக் கடவுளே குறையாகக் கண்டார். “கடவுள் உன்னோடு இருக்கிறாரே, வேறு யார் வேண்டும்?” என்று அவனிடம் கேட்கவில்லை. துணை ஒன்றைத் தந்தார்.

சபை உரையாளரும் இதனையே உலக வழக்கில் சொல்கிறார். மகனும் சகோதரனும் இல்லாத ஒருவர் ஓயாமல் உழைத்துச் செல்வம் சேர்க்கிறார்; யாருக்காக உழைக்கிறேன் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. இருவராய் இருந்தால் ஒருவர் விழும்போது மற்றவர் தூக்கிவிடுவார். குளிரில் ஒருவரையொருவர் சூடாக்கிக்கொள்வர் (சஉ 4:8-12).

பாளையத்துக்கு வெளியே

2020ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்றுக் காலத்தில், ‘தனிமைப்படுத்துதல்’ என்ற சொல் நம் வீடுகள்தோறும் ஒலித்தது. லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தை அதற்குப்பின் வாசிப்பவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. தோலில் நோயின் அடையாளம் கண்டவரை ஏழு நாள் அடைத்து வைத்து, மீண்டும் சோதித்துப் பார்க்கக் குருவுக்குக் கட்டளை இருந்தது. நோய் உறுதியானால் அவர் கிழிந்த உடையோடும் வாரப்படாத தலையோடும் பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ வேண்டும்.

இச்சட்டம் கடுமையானது. ஆனால் அடுத்த அதிகாரத்தையும் நாம் சேர்த்து வாசிக்க வேண்டும். லேவியர் 14-இன் முற்பகுதி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் சடங்கைப் பற்றியே பேசுகிறது. நோய் நீங்கியதா என்று பார்க்க, குருவே பாளையத்தை விட்டு வெளியே அவரிடம் செல்ல வேண்டும் (14:3). காணிக்கை செலுத்த வசதியற்றவர் என்றால் அதற்கேற்பக் குறைவான காணிக்கை போதும் (14:21). வெளியே அனுப்பும் சட்டத்தோடு உள்ளே அழைக்கும் சட்டமும் எழுதப்பட்டிருக்கிறது.

மோசேயின் சகோதரி மிரியாமின் நிகழ்வு இன்னும் ஆழமானது. தொழுநோய் கண்ட அவர் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே அடைக்கப்பட்டார். அவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை (எண் 12:15). ஒரு பெண்ணுக்காக ஒரு மக்களினம் முழுவதும் பாலைநிலத்தில் காத்திருந்தது.

இஸ்ரயேல் எப்போதும் இப்படி நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. சமாரியா முற்றுகையிடப்பட்டபோது நான்கு தொழுநோயாளர் நகர வாயிலிலேயே பசியோடு கிடந்தனர். எதிரிகள் ஓடிவிட்டார்கள் என்ற நற்செய்தியைப் பஞ்சத்தில் வாடிய நகருக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த நால்வரே (2 அர 7:3-10). ஒதுக்கி வைத்தவர்களின் உயிரை ஒதுக்கப்பட்டவர்கள் காத்தார்கள்.

தேற்றுவார் இல்லாத நகர்

கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். அத்துயரத்திலிருந்து எழுந்ததே புலம்பல் நூல். அதன் முதல் அதிகாரத்தில் நகரம் ஒரு கைம்பெண்ணாக, இரவெல்லாம் அழுகிறவளாகக் காட்டப்படுகிறது. அவளைத் தேற்றுவார் இல்லை என்ற கருத்து அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் ஐந்து முறை திரும்பத் திரும்ப வருகிறது (புல 1:2, 9, 16, 17, 21). நகரம் இழந்தவை பல: மக்கள், கோவில், உணவு. ஆனால் அந்த அழுகை மீண்டும் மீண்டும் சென்று முட்டுவது, தேற்ற ஒருவர்கூட வரவில்லை என்பதில்தான்.

நம் காவிரிக் கடைமடைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்த அதிகாரத்தின் ஓசை பழக்கமானதே. இழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். இறந்தவரை எண்ணி அழுவதோடு, இழந்தவரைத் தனியே அழவிடாமல் இருப்பதும் அதன் நோக்கம். புலம்பல் நூலில் எருசலேமுக்கு வாய்க்காதது அந்தத் தோள்தான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையையும் தாக்கியது. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவக் கிராமங்கள் அந்நாளை மறக்கவில்லை. ஒரே வீட்டில் பலரை இழந்து ஒருவர் மட்டும் எஞ்சிய குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் ‘இது இறைவன் சித்தம்’ என்று உடனே சொல்லத் துணிந்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். புலம்பல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், தனித்து அமைதியாக அமர்ந்திருப்பது நல்லது என்ற கருத்து வருகிறது (3:28). அங்கும் ‘பாதாத்’ என்ற அதே சொல்தான். ஆனால் அதனைச் சொல்பவர் யார்? துன்பத்தின் கோலைத் தன் உடலில் பட்ட மனிதர் சொல்கிறார்; நெடுநேரம் அழுது, கசப்பையெல்லாம் சொல்லித் தீர்த்து, கடவுளின் இரக்கம் தீரவில்லை என்பதைத் தானே கண்டடைந்தபின் சொல்கிறார். துன்பப்படாத ஒருவர் துன்பப்படுபவருக்குச் சொன்ன அறிவுரையாக அது எழுதப்படவில்லை.

யோபு நூலும் இதையே காட்டுகிறது. நண்பர்கள் மூவர் யோபுவைத் தேற்ற வந்து ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவரோடு பேசாமல் அமர்ந்திருந்தார்கள் (2:11-13). அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் யோபு அவர்களைத் துயர்தரும் தேற்றரவாளர் என்று கண்டிக்க வேண்டியதாயிற்று (16:2). நூலின் இறுதியில் யோபுவின் சகோதர சகோதரிகளும் பழகியவர்களும் அவர் வீட்டுக்கு வந்து, அவரோடு உணவருந்தி, ஆறுதல் கூறி, ஆளுக்குக் கொஞ்சம் பணமும் ஒரு பொன் வளையமும் கொடுத்தார்கள் (42:11). உண்மையான தேற்றரவு உடன் உண்பதிலும் கைகொடுப்பதிலும் இருக்கிறது.

எருசலேமின் அழுகைக்கு எசாயா நூலின் 40ஆம் அதிகாரம் பதில் தருகிறது. என் மக்களைத் தேற்றுங்கள் என்ற கட்டளை அங்கே இருமுறை அடுத்தடுத்து வருகிறது. ‘நான் தேற்றுகிறேன்’ என்று சொல்லும் கடவுள், ‘நீங்கள் தேற்றுங்கள்’ என்று பிறரையும் அனுப்புகிறார். காரைக்காலில் நம் அன்னை ‘தேற்றரவு அன்னை’ என்னும் பெயரால் வணங்கப்படுகிறார். அந்த ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றும் நமக்கும் இக்கட்டளை உரியது.

அழைத்துச் செல்லப்படும் தனிமை

இனி, தனிமையின் மறுபக்கத்தைக் காண்போம். கடவுள் தாமே மனிதரைத் தனியே அழைத்துச் செல்லும் நிகழ்வுகளும் பழைய ஏற்பாட்டில் நிறைந்துள்ளன.

யாக்கோபு தன் குடும்பத்தையும் உடைமைகளையும் யாபோக்கு ஆற்றைக் கடக்கச் செய்துவிட்டு, இரவில் தனித்திருந்தார். அங்கே ஒருவர் விடியும்வரை அவரோடு போராடினார் (தொநூ 32). அதுவரை தந்தையிடமும் மாமனிடமும் தந்திரத்தால் வென்ற யாக்கோபுக்கு அன்று எந்தத் தந்திரமும் உதவவில்லை. உன் பெயர் என்ன என்ற கேள்விக்கு உண்மையான பெயரைச் சொன்னார். புதிய பெயரும் நொண்டும் காலும் பெற்றார். விடிந்ததும் எங்கே சென்றார்? தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவின் முன்னால் சென்று தரையில் விழுந்து வணங்கினார்.

மோசே சீனாய் மலையில் நாற்பது பகலும் நாற்பது இரவும் இருந்தார். கீழே மக்கள் பொற்கன்றைச் செய்தபோது, இறங்கிப் போ என்று ஆண்டவரே அவரை அனுப்பினார் (விப 32:7). காலைமுதல் மாலைவரை தனியொருவராக வழக்குகளைத் தீர்த்த மோசேயிடம், நீர் செய்வது நன்றன்று என்று மாமனார் இத்திரோ சொன்னார் (விப 18:17-18). இறைவனோடு தனித்திருக்க வேண்டிய மோசே, சுமையைத் தனியே சுமக்க வேண்டியவர் அல்லர்.

இறைவாக்கினர் எலியா ஈசபேலுக்கு அஞ்சி ஓடினார். பெயேர்செபாவில் பணியாளனையும் விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒருநாள் வழி சென்று, சாக விரும்பினார் (1 அர 19). கடவுள் முதலில் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து தூங்கவிட்டார். பின்னர் ஓரேபு மலையில், காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாமல், அமைதியின் மெல்லிய ஓசையில் அவரைச் சந்தித்தார். தான் ஒருவன் மட்டுமே எஞ்சியிருப்பதாக எலியா இருமுறை முறையிடுகிறார். அது உண்மையன்று. நூறு இறைவாக்கினரைக் குகைகளில் ஒளித்துவைத்து உணவளித்ததை ஒபதியா அவரிடம் முன்பே சொல்லியிருந்தார் (18:13). துயரம் அதை மறக்கச் செய்தது. பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் இருப்பதை ஆண்டவர் நினைவூட்டி, வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார். மலையிலிருந்து இறங்கியதும் எலியா சந்தித்தது, ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவை. அன்றுமுதல் அவர் தனியாக இல்லை.

இந்நிகழ்வுகளில் ஓர் ஒற்றுமையை நாம் காண்கிறோம். கடவுள் தரும் தனிமை ஒரு முடிவோடு வருகிறது. அதில் ஒருவர் தம்மைப் பற்றிய உண்மையைக் கேட்கிறார்; பின்பு மனிதரிடம் அனுப்பப்படுகிறார். இஸ்ரயேலைப் பாலைநிலத்துக்கு அழைத்துச் சென்று இதயத்தோடு பேசப்போவதாக ஓசேயா வழியாக ஆண்டவர் சொல்வதும் (ஓசே 2), முறிந்த உறவைச் சேர்ப்பதற்காகவே.

ஆகாரும் நகோமியும்

தள்ளப்பட்டவரிடமும் கடவுள் பேசுகிறார் என்பதற்கு ஆகார் சான்று. அவர் எகிப்தைச் சேர்ந்த அடிமைப் பெண். முதல்முறை கொடுமை தாங்காமல் ஓடினார். இரண்டாம் முறை மகனோடு விரட்டப்பட்டார். பாலைநிலத்து நீரூற்றருகே, தன்னைக் காண்கின்ற கடவுள் என்று ஆண்டவருக்குப் பெயரிட்டவர் அவரே (தொநூ 16:13). மறைநூலில் கடவுளுக்குப் பெயர் சூட்டும் முதல் மனிதர் இந்த அடிமைப் பெண்தான். ஆனால் கடவுள் அவரைக் கண்டதால் ஆபிரகாமின் வீட்டார் செய்தது நியாயமாகிவிடவில்லை. கடவுள் ஒருவரைக் கைவிடவில்லை என்பது, நாம் அவரைக் கைவிடலாம் என்பதற்கு அனுமதி அன்று.

நகோமி மோவாபு நாட்டில் கணவரையும் இரு மகன்களையும் இழந்து பெத்லகேம் திரும்பினார். நிறைவோடு போனேன், வெறுமையாய் வந்தேன் என்று ஊர்ப் பெண்களிடம் சொன்னார் (ரூத் 1:21). அப்போது மருமகள் ரூத்து அவர் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். துயருற்றவருக்கு அருகில் நிற்பவரைக்கூடக் காண முடியாத காலம் உண்டு. ரூத்து அதைக் குறையாகக் கொள்ளவில்லை. மறுநாள் வேலைகளைப் பார்த்தார், கதிர் பொறுக்கப் போனார். காரைக்காலுக்கு வடக்கே உள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தபோது, 1719இல் இறப்பதற்குமுன் அவர் எட்டிய நூல் இந்த ரூத்து நூலே என்பதையும் நினைவுகூரலாம்.

கப்பல் ஏறிய ஊரில்

கடல் கடந்து போனவர்களால் வீட்டில் தனித்தவர்களின் வரலாறு காரைக்காலுக்கு மிகப் பழையது. நம் சைவச் சகோதரர்கள் மாங்கனித் திருவிழாவில் நினைவுகூரும் காரைக்கால் அம்மையாரின் வரலாறும் அதுவே. பெரியபுராணம் சொல்வதன்படி, புனிதவதியின் கணவர் பரமதத்தன் வணிகத்துக்கென்று கலம் ஏறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டார். சுற்றத்தார் தேடிக் கண்டுபிடித்து, புனிதவதியைச் சிவிகையில் அழைத்துச் சென்றபோது, அவர் இவரைத் தெய்வமாகக் கண்டு காலில் விழுந்தார். அதன்பின் அம்மையார் தம் அழகு நீங்க வேண்டி, திருவாலங்காட்டில் இறைவனைப் பாடி வாழ்ந்தார். பிறர் அவர்மேல் சுமத்திய தனிமையை அவரே இறைவனுக்குரிய தனிமையாக மாற்றினார். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. அந்த மனத்தோடு இதனை நாம் மதித்து நோக்கலாம். அதே வேளையில், அம்மையார் அடைந்த உயர்வு பரமதத்தனின் செயலுக்கு நியாயம் ஆகாது.

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ், காரைக்கால் துறையிலிருந்து ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் கப்பல் ஏற்றப்பட்டனர். பலர் திரும்பவில்லை. இன்று விமானம் உண்டு, கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதியும் உண்டு. ஆனால் காய்ச்சல் வந்த இரவில் ஒரு குவளை வெந்நீர் வைத்துத் தர யாராவது வீட்டில் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மறைநூலின் படிப்பினையை இவ்வாறு தொகுக்கலாம். ஒருவர் தாமே தேடி ஏற்கும் தனிமையை நாம் காக்க வேண்டும். பிறர்மேல் விழுந்த தனிமையை நாம் நீக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதின் பெயரால் அழைத்துச் சமாதானம் அடையக் கூடாது.

1. நம் அன்பியங்களில் தனித்து வாழும் முதியோர் யார் யார் என்று அறிந்திருப்போம். மாதம் ஒருமுறை செபக்கூட்டத்தை அவர்கள் வீட்டிலேயே வைக்கலாம். நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, கொடுத்ததும் எழுந்துவிடாமல் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம்.

2. கைம்பெண்களைத் திருமணப் பந்தலிலும் மங்கல நிகழ்ச்சிகளிலும் ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தால், அதை விட்டுவிடுவோம். மிரியாமுக்காக ஒரு மக்கள் காத்திருந்தார்கள்; மணமகனின் தாய்க்காக ஒரு பந்தல் காத்திருக்கக் கூடாதா?

3. இழவு வீட்டில் காரணம் சொல்வதைத் தவிர்ப்போம். யோபுவின் நண்பர்களின் முதல் ஏழு நாள்களைப் பின்பற்றுவோம். பதினாறாம் நாளுக்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போவோம். கூட்டம் கலைந்தபின்தான் தனிமை தொடங்குகிறது.

4. நமக்கென்றும் நாளில் சிறிது நேரம் அமைதியில் ஒதுங்குவோம். ஆகஸ்டு இறுதியில் காரைக்கால் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்துசெல்லும் திருப்பயணிகளில் சிலர் கூட்டத்தின் நடுவிலும் மௌனமாகச் செபமாலை உருட்டிக்கொண்டு போவதைக் காண்கிறோம். தனித்திருக்க மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அந்த அமைதியில் நம் நினைவுக்கு வருகிற முகத்தை அன்றே போய்ப் பார்ப்போம்.

தனித்தவர்களுக்கு வீடு அமைத்துத் தருபவர் கடவுள் என்று திருப்பாடல் ஆசிரியர் பாடுகிறார் (திபா 68:6). அந்த வீட்டின் கதவைத் திறந்துவைக்கும் பணி நம்முடையது.

செபிப்போம்: ஆகாரைக் கண்ட ஆண்டவரே, எங்கள் தெருவில் யாரும் காணாமல் இருப்பவர்களை எங்களுக்குக் காட்டியருளும். எலியாவுக்கு அப்பம் தந்தவரே, சோர்ந்தவர்களிடம் பேசுமுன் அவர்களுக்குப் பரிமாற எங்களுக்குக் கற்றுத் தாரும். உம்மோடு தனித்திருக்கும் நேரத்தை எங்களுக்குத் தாரும். அதன்பின் எங்களை எங்கள் மக்களிடம் அனுப்பும். ஆமென்.